டெல்லி ரயில் மியூசியத்தில் மகனைத் தேடிய அரை மணி நேரம்

டெல்லி சாணக்கியபுரியில் இருக்கும் தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறீர்களா? ரயில் என்றால் உயிரை விடும் பிள்ளையாக இருந்தால் கட்டாயம் போங்கள். ஆனால் இந்தி தெரியாமல், துணைக்கு இன்னொரு பெரியவர் இல்லாமல் போகிறீர்கள் என்றால், போவதற்கு முந்தின ராத்திரி இதை ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள். போன டிசம்பரில் எனக்கு இதைச் சொல்ல யாரும் இல்லை. எந்த ரயில் எங்கே நிற்கிறது, டிக்கெட் எவ்வளவு, எந்தக் கிழமை மூடியிருக்கும் என்றெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பிள்ளை அங்கே கண்ணில் படாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

நாங்கள் கோயம்புத்தூர். மகனுக்கு அப்போது நாலரை வயது. பேச்சு வந்ததிலிருந்தே ரயில்தான். மேட்டுப்பாளையம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் ஊட்டி ரயில் கிளம்புவதைக் காட்டினால் அன்றைக்கு முழுக்க வேறு எதையும் கேட்க மாட்டான். அரைப் பரீட்சை லீவில் கணவருக்குக் குருகிராமில் ஆபீஸ் டிரெயினிங் வந்தது. அதோடு ஒட்டிக்கொண்டு நானும் பையனும் கிளம்பினோம். கரோல் பாக்கில் தங்கினோம். பகல் முழுக்க அவர் டிரெயினிங்கில், போன் சைலண்டில். நானும் பையனும்தான் ஊர் சுற்றுவது என்று பேசி வைத்திருந்தோம். எனக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியும், இந்தியில் ஒரு வாக்கியம் தெரியாது. பையனுக்குத் தமிழ் மட்டும்தான்.

அன்று காலையில் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஸ்வெட்டர் ஏது? முந்தின நாள்தான் கடைத்தெருவில் ஒரு மெரூன் ஸ்வெட்டரும் காதை மூடுகிற குல்லாவும் வாங்கியிருந்தேன். நாலு மணி நேரம், நாற்பது கிலோமீட்டர் என்று பேசி ஒரு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் வரிசையாகப் பள்ளிக்கூட பஸ்கள். அதிலிருந்து இறங்கிய ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் மெரூன் ஸ்வெட்டர். அப்போது அதை அழகாக இருக்கிறது என்றுதான் பார்த்தேன்.

இடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1977 பிப்ரவரியில் திறந்தது, பத்து ஏக்கருக்கு மேல் திறந்தவெளி. அதில் நிஜ எஞ்சின்களும் பெட்டிகளும் தண்டவாளத்துண்டுகள் மேல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. உள்ளே ஒரு காட்சிக்கூடம். 1894ல் மெயில் ரயிலோடு மோதிச் செத்த யானையின் மண்டையோடு அங்கே இருக்கிறது. மதுக்கரை, வாளையாறு பக்கம் தண்டவாளத்தில் யானை அடிபட்ட செய்தி கேட்டே வளர்ந்தவள் நான். அதன் முன்னால் என்னால் ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. பையன் மட்டும் “யானைக்கு ஹாரன் கேக்கலையாம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டான்.

வெளியே வந்ததும் அவனைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. பாட்டியாலா மகாராஜா சமஸ்தானத்தில் 1907ல் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயில் அங்கே நிற்கிறது. ஒரு பக்கம் தண்டவாளத்தில் ஓடும் சின்னச் சக்கரங்கள், மறு பக்கம் சாலையிலேயே உருளுகிற பெரிய இரும்புச் சக்கரம். அப்படி ஒன்றை நானே அதுவரை பார்த்ததில்லை. மைசூர் மகாராஜாவின் 1899ஆம் வருஷத்துத் தேக்குப் பெட்டி, வேல்ஸ் இளவரசர் வரவுக்காக 1875ல் கட்டிய பெட்டி, பெங்கால் நாக்பூர் ரயில்வேக்காக மான்செஸ்டரில் செய்த, ‘காரட்’ என்கிற வகை ராட்சத நீராவி எஞ்சின் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனோம். நம் நீலகிரி மலை ரயிலின் எஞ்சினும் அங்கே இருக்கிறது, சுவிட்சர்லாந்தில் செய்தது. கல்லாறிலிருந்து குன்னூர் வரைக்கும் பல் தண்டவாளத்தைப் பிடித்து ஏறுகிற வகை. அதைப் பார்த்ததும் “நம்மூரு ரயிலு!” என்று கத்தினான். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே டெல்லி வந்தது சரி என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பெரியவர்களுக்குத் தோன்றாத ஒன்று இங்கே இருக்கிறது. எஞ்சின் எல்லாம் ஆள் உயரத்தைவிட அதிகம். நமக்கு முன்னால் இரண்டு அடி தள்ளி நடக்கிற பிள்ளை ஒரு பெட்டியின் மூலையைத் திரும்பிவிட்டால் அவ்வளவுதான், பார்வைக்கு மறைந்துவிடும். பார்க்கிலோ பீச்சிலோ பிள்ளை ஓடினால் தலையாவது தெரியும். இங்கே தெரியாது. கை பிடித்து நடப்பதோடு, “மூலை திரும்பறதுக்கு முன்னாடி நின்னு அம்மாவப் பாரு” என்று ஒரு பழக்கத்தை வீட்டிலேயே விளையாட்டுப் போலச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போங்கள். நாங்கள் இப்போது கடைவீதியில்கூட அப்படித்தான் நடக்கிறோம்.

அங்கே வளாகத்தைச் சுற்றி வருகிற பொம்மை ரயில் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு அதுதான் உச்சம், டிக்கெட் தனி. ஒரு சுற்றுப் போய் இறங்கினோம். இன்னொரு தடவை என்றான். கூட்டம் நெரிந்தது. சில்லறை எடுக்க அவன் கையை விட்டு, பையைத் திறந்து, நோட்டை நீட்டினேன். அந்த நேரம் பார்த்து இரண்டு இரண்டு பேராகக் கை கோத்த பள்ளிப் பிள்ளைகளின் வரிசை எங்களுக்கு நடுவில் நுழைந்து போனது. வரிசை போய் முடிந்தபோது அவன் அங்கே இல்லை.

முதலில் பயமே வரவில்லை. பக்கத்தில்தான் இருப்பான் என்று நாலா பக்கமும் திரும்பினேன். மெரூன் ஸ்வெட்டர் தெரிந்த பக்கமெல்லாம் ஓடினேன். ஒவ்வொரு தடவையும் வேறு பிள்ளை திரும்பிப் பார்த்தது. அதற்கப்புறம்தான் வயிற்றுக்குள் என்னமோ கழன்று விழுந்தது. தொண்டை வறண்டு அவன் பெயரே வெளியே வரவில்லை. வெளியே சாந்தி பாத் ரோட்டில் கார்கள் எந்த வேகத்தில் போகும் என்று வரும்போது பார்த்திருந்தேன், அது மட்டும்தான் கண் முன்னால் ஓடியது. கணவருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. அந்த நிமிஷம் அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. அவர் மேல் தப்பில்லை, ஆனாலும் வந்தது.

வாசலுக்கு ஓடிக் காவலாளியிடம் இங்கிலீஷில் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கையால் உயரம் காட்டி, அழுதுகொண்டே “பச்சா, பச்சா” என்றேன். அது போதுமாக இருந்தது. அவர் வாசலை விட்டு நகராமல் நின்றுகொண்டு, உள்ளே இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொன்னார். முதலில் வெளியே போகும் வழியை அடைத்தது அன்று நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. பிள்ளை உள்ளேதான் இருக்கிறது என்பது உறுதியானால் பாதிப் பாரம் இறங்கும். நீங்கள் தனியாளாக இருந்தால் தேடுவதற்கு முன்னால் வாசல்தான் முதல் வேலை. அங்கே ஒருவரை நிறுத்திவிட்டுப் பிறகு தேடுங்கள்.

அந்த மொழிக் கஷ்டத்துக்கு மருந்து ரொம்பச் சுலபம். “மேரா பச்சா கோ கயா ஹை”, என் பிள்ளை காணாமல் போய்விட்டது. “சார் சால் கா லட்கா”, நாலு வயசுப் பையன். “சிர்ஃப் தமிழ் போல்தா ஹை”, தமிழ் மட்டும்தான் பேசுவான். மூன்று வரி, ஒரு துண்டுச் சீட்டில் தமிழ் எழுத்திலேயே எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் போனில் மொழிபெயர்ப்பு தேடிப் பார்த்தேன், விரல் நடுங்கி ஒரு எழுத்துகூடச் சரியாக விழவில்லை.

என்னைக் காப்பாற்றியது அந்தப் பள்ளிக்கூடத்து டீச்சர்தான். நான் ஓடுவதைப் பார்த்து நிறுத்தி, இங்கிலீஷில் கேட்டார். பெயர், வயது, உடை. மெரூன் ஸ்வெட்டர் என்றதும் உடனே விசில் ஊதித் தன் பிள்ளைகளை உட்கார வைத்து எண்ணச் சொன்னார். வரிசையோடு சேர்ந்து ஒரு பிள்ளை கூடுதலாக வந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவே இல்லை. கணக்குச் சரியாகத்தான் இருந்தது, அவன் அதில் இல்லை. பிறகு இரண்டு பெரிய பிள்ளைகளையும் இன்னொரு டீச்சரையும் ஆளுக்கொரு பக்கம் அனுப்பினார். “காலையில் எடுத்த போட்டோ இருக்கிறதா?” என்று கேட்டார். நீலகிரி எஞ்சின் முன்னால் எடுத்தது இருந்தது. அதே உடை, அதே குல்லா. அதை அவர் போனுக்கு அனுப்பினேன், அவர் எல்லாருக்கும் காட்டினார். வெளியே கிளம்பும் ஒவ்வொரு காலையிலும் உச்சி முதல் செருப்பு வரைக்கும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். உடையைச் சொல்லி விளங்கவைக்கிற நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

உடை நிறம் பற்றியும் சொல்ல வேண்டும். குளிர்காலத்தில் டெல்லிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலாவுக்கு வருகிற இடங்களில் மெரூன், நேவி ப்ளூ, பச்சை எல்லாம் யூனிஃபார்ம் நிறங்கள். உங்கள் பிள்ளைக்குப் பளிச்சென்று மஞ்சளோ ஆரஞ்சோ போடுங்கள், குறைந்தது குல்லாவாவது. கூட்டத்தில் கண் தானாக அங்கே போகும்.

டீச்சர் 112க்கும் பேசிவிட்டார். இத்தனை சீக்கிரம் போலீஸா என்று நான் தயங்கினேன். “கிடைத்தால் கூப்பிட்டுக் கிடைத்துவிட்டான் என்று சொன்னால் போயிற்று” என்றார். அதுதான் சரி. 112 நாடு முழுக்க ஒரே அவசர எண். குழந்தைகளுக்கென்றே 1098 இருக்கிறது. ரயிலிலோ ஸ்டேஷனிலோ இப்படி ஆனால் 139க்குச் சொல்லலாம். இருபத்துநாலு மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று நம் ஊரில் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. காணாமல் போன பிள்ளை பற்றிய புகார் எதுவானாலும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தேடும்போது நான் தெரிந்துகொண்ட இன்னொன்று. நிற்கிற பெட்டிகளுக்கு நடுவில் ஓடி ஓடிப் பார்த்தால் நேரம்தான் போகும். நீங்கள் இந்தப் பக்கம் வரும்போது பிள்ளை அந்தப் பக்கம் போயிருக்கும். மியூசியத்து ஊழியர் ஒருவர் குனிந்து, பெட்டிக்கு அடியில் பார்த்தார். தண்டவாளத்தின் மேல் நிற்கும் பெட்டிக்குக் கீழே இடைவெளி இருக்கிறது, அந்தப் பக்கம் நிற்பவர்களின் கால்கள் எல்லாம் தெரியும். நானும் மண்டியிட்டுக் குனிந்து, சின்ன வெள்ளைச் செருப்பைத் தேடினேன். அப்படி மூன்று நாலு வரிசையைச் சில நிமிஷத்தில் பார்த்து முடித்தோம்.

இதற்குள் சுற்றிலும் இருந்தவர்கள் ஆளாளுக்கு அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். இந்தியில் மகனே என்கிற மாதிரி “பேட்டா, பேட்டா” என்றும் குரல் கேட்டது. அவனுக்கு அது யாரையோ கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரியாதவர்கள் கூப்பிட்டால் போகாதே, பேசாதே என்று சொல்லித்தான் வளர்த்திருக்கிறோம். அதனால் நான் ஓடுவதை நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலிருந்து வீட்டில் கூப்பிடுகிற மாதிரி, “சாமீ, அம்மா இங்க இருக்கேன், எங்க இருக்கற கண்ணு?” என்று கத்திக்கொண்டே இருந்தேன். அந்தக் கூட்டத்தில் தமிழில் கத்துகிற ஒரே குரல் என்னுடையதுதான்.

டீச்சர் என் தோளைப் பிடித்து ஒரு கேள்வி கேட்டார். “உங்கள் மகனுக்கு இங்கே எது ரொம்பப் பிடித்தது?” நீலகிரி எஞ்சின் என்றேன். அங்கே ஓடினோம், இல்லை. அடுத்தது என்ன என்றார். பொம்மை ரயில். டிக்கெட் கொடுக்கிற இடத்தில்தானே தொலைந்தான், அங்கே இல்லையே என்றேன். “ரயில் அங்கே மட்டுமா போகிறது?” என்றார். அவர் அதைச் சொல்லி முடிக்கும் முன்னால் எனக்கு விளங்கிவிட்டது. முதல் சுற்றில், தண்டவாளம் வளைகிற ஓர் இடத்தில், “இங்க நின்னா எஞ்சின் மூஞ்சி தெரியும்லம்மா” என்று கேட்டிருந்தான். ஆமாம் என்று சொல்லியிருந்தேன்.

அங்கேதான் நின்றான். ஒரு மரத்தடியில், தண்டவாளத்திலிருந்து நாலு அடி தள்ளி, இரண்டு கையையும் ஸ்வெட்டருக்குள் விட்டுக்கொண்டு. ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் என்னமோ கேட்டுக்கொண்டிருந்தார், இவன் வாயே திறக்காமல் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், “ரயிலு இன்னும் வரவே இல்லீம்மா” என்றான். அழவில்லை, பயப்படவும் இல்லை. தான் தொலைந்து போனதே அவனுக்குத் தெரியாது. அவனைப் பொறுத்தவரை இரண்டாவது தடவை ரயில் பார்க்க இடம் பிடித்திருக்கிறான். அவனைக் கட்டிக்கொண்டு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கக் கால் வரவில்லை. ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், இந்த வயசுப் பிள்ளை வழி தெரியாமல் அலைவதைவிட, மனதுக்குப் பிடித்த ஒன்றைப் பார்த்துப் போயிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வாசலில் ஆளை நிறுத்திய பிறகு, விட்ட இடத்தையே சுற்றிச் சுற்றி வராதீர்கள். அன்று காலையிலிருந்து பிள்ளை எதைப் பற்றிப் பேசியது, எதைப் பார்த்து மறுபடி வேண்டும் என்றது என்று யோசியுங்கள். அந்த நிலையில் யோசிக்க வராது, எனக்கு வரவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் என்னைக் கேள்வி கேளுங்கள் என்று சொல்லுங்கள்.

யாரிடம் பேசலாம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். யாரிடமும் பேசாதே என்று மட்டும் சொன்னால், உதவ வருகிறவரிடமும் பிள்ளை வாய் திறக்காது. “அம்மாவக் காணோம்னா, குழந்தை வச்சிருக்கற ஒரு அம்மாகிட்டப் போ, இல்லீன்னா யூனிஃபார்ம் போட்டவங்ககிட்டப் போ, இதக் காட்டு” என்று இப்போது சொல்லியிருக்கிறேன். காட்டுவதற்கு, சட்டைக்கு உள்பக்கம் என் நம்பரும் அப்பா நம்பரும் எழுதிய துணிப்பட்டை தைத்திருக்கிறேன். பெயரை எழுதவில்லை, நம்பர் மட்டும்தான். பெயர் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். தைக்க நேரமில்லையா, மணிக்கட்டில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதிவிட்டால்கூடப் போதும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். காருக்குப் பேசிய நேரம் தாண்டிவிட்டது. நடந்ததை டிரைவரிடம் சொல்ல என்னிடம் பாஷை இல்லை. அவர் கேட்ட கூடுதல் பணத்தைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஆக்ராவுக்குச் சேர் கார் டிக்கெட் போட்டிருந்தோம். ராத்திரி முழுக்க எனக்கு உடம்பு நடுங்கியது, தூக்கமே இல்லை. விடிகாலையில் போக முடியாது என்று முடிவெடுத்தபோது ரயில் கிளம்பக் கொஞ்ச நேரம்தான் இருந்தது, ஒரு ரூபாய் திரும்ப வரவில்லை. எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்கு மேல் போயிற்று. தாஜ்மகாலும் போயிற்று. பணம் பெரிதில்லை. ஆனால் இப்படி ஒன்று நடந்தால் அன்றைய மீதிப் பொழுதும் மறுநாளும் உங்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுக்கம் பிள்ளை கிடைத்த பிறகுதான் வரும். பேசாமல் ரூமுக்குப் போய்ச் சூடாக எதையாவது குடித்துவிட்டுப் படுங்கள்.

கணவர் சாயங்காலம் வந்து, வரிசையாக இருந்த மிஸ்டு கால்களைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. தூங்கிக்கொண்டிருந்த பையன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். பிறகு நாங்கள் ஓர் ஏற்பாடு செய்தோம். ஒருவர் தனியாகப் பிள்ளையோடு வெளியூரில் இருந்தால், மற்றவர் போன் சைலண்டில் இருந்தாலும் அந்த ஒரு நம்பர் மட்டும் மணி அடிக்கிற மாதிரி வைத்துவிடுவது. இப்போதைய ஸ்மார்ட்போன்கள் பெரும்பாலானவற்றில் அந்த வசதி இருக்கிறது. அவர் வேலை செய்கிற இடத்தில் இன்னொருவர் நம்பரும் என்னிடம் இருக்கும்.

திங்கட்கிழமை மியூசியம் மூடியிருக்கும். மெட்ரோவில் போனால் ஏர்போர்ட் லைனில் தௌலா குவானில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், காருக்கு நேரக் கணக்குப் பார்த்துக்கொண்டு பதற வேண்டியதில்லை. டிசம்பரில் என்றால் திறந்த உடனே உள்ளே போய், பள்ளிக்கூட பஸ்கள் நிறைவதற்குள் முதலில் பொம்மை ரயிலில் ஏற்றிவிடுங்கள். இரண்டாவது சுற்று நிச்சயம் கேட்பார்கள், முதலிலேயே இரண்டு சுற்றுக்கும் சேர்த்து டிக்கெட் எடுங்கள்.